பதினான்கு மணி நேரத்தில் ஒரு டிராகனைட்

பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள், அக்காள் மகன் என் அலமாரியின் அடித்தட்டிலிருந்து கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவியைத் தேடி எடுத்துவந்தான். உள்ளே போக்கெமான் ஃபயர்ரெட். போக்கெமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து, சண்டையிட்டு லெவல் லெவலாக வளர்க்கும், 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஆட்டம். அந்த ஆட்ட அட்டை தன் சேமிப்புக்கு மின்கலத்தை நம்பியிருப்பதில்லை. அதனால் நான் படிவம் இரண்டில் படித்தபோது விட்ட இடத்திலேயே எல்லாம் இருந்தது. எட்டு பேட்ஜும் வாங்கியாகிவிட்டது. கடைசியில் வரும் எலைட் ஃபோர் என்ற நான்கு வீரர்களையும் சாம்பியனையும் ஒருமுறை வென்றாகிவிட்டது. பெட்டிக்குள் லெவல் 15இல் ஒரு டிராட்டினி; வளர்ந்தால் டிராகனைட்டாக உருமாறும் போக்கெமான்.

"சித்தி, பள்ளி திறப்பதற்குள் இதை டிராகனைட் ஆக்க முடியுமா?" என்று கேட்டான்.

விடுமுறை இரண்டு வாரம். மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடக்கூடாது என்பது அக்காளின் சட்டம். ஆக, கையில் இருப்பது 14 மணி நேரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் வீட்டு முன்வாசலில், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையிலேயே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தோம். இந்தக் கேள்வியை ஆர்வத்தோடு கேட்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "புல்லுக்குள் போய்க் காட்டுப் போக்கெமான்களை அடித்துக்கொண்டே இரு" என்பதுதான். அதைவிட நல்ல பதில் இருக்கிறது.

முதலில் எவ்வளவு தேவை என்று பார்க்க வேண்டும். எல்லாப் போக்கெமானும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. நடுத்தர வேகக் கூட்டம் ஒன்றில், ஒரு லெவலை எட்டச் சேர்க்க வேண்டிய அனுபவப் புள்ளி அந்த லெவல் எண்ணின் கனம் (எண் × எண் × எண்): லெவல் 100க்குப் பத்து லட்சம். டிராட்டினி மெதுவாக வளரும் கூட்டத்தைச் சேர்ந்தது. அதே கனத்தின் மேல் இன்னொரு கால் பங்கு சேர வேண்டும். லெவல் 100க்கு 12,50,000. டிராட்டினி லெவல் 30இல் டிராகனேர் ஆகும், 55இல் டிராகனைட் ஆகும். 55ஐ எட்ட 2,07,968 புள்ளி வேண்டும். 15இல் நிற்பதன் கையில் ஏற்கெனவே 4,218 இருக்கிறது. மீதி 2,03,750.

கனக்கணக்கு என்பதால் வளர்ச்சி சமமாகப் பிரிந்திருப்பதில்லை. நூறில் பாதி ஐம்பது என்று மனம் சொல்லும். ஆனால் லெவல் 50ஐ எட்டும்போது மொத்த உழைப்பில் எட்டில் ஒரு பங்குதான் முடிந்திருக்கும். இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது பையன் இரண்டு முறை சரிபார்த்தான். எந்த வழி விரைவானது என்ற கேள்வியே லெவலுக்கு லெவல் மாறுவதற்கு இதுதான் காரணம்.

இனி வழிகளைப் பார்ப்போம். ஃபயர்ரெட்டில் ஒரு காட்டுப் போக்கெமானை வீழ்த்தினால் கிடைப்பது, அதன் அடிப்படை மதிப்பை அதன் லெவலால் பெருக்கி ஏழால் வகுத்த அளவு. அடிப்படை மதிப்பு 140, லெவல் 40 என்று வைத்துக்கொண்டால் 800 புள்ளி. அதே போக்கெமான் ஒரு பயிற்சியாளரின் கையில் இருந்தால் ஒன்றரை மடங்கு, அதாவது 1,200. இந்த ஒரே விதி புல்லின் கதையை முடித்துவிடுகிறது. லெவல் 15 டிராட்டினியால் லெவல் 40 எதிரியின் முன்னால் நிற்க முடியாது. வலுவான ஒன்று அடிக்க, டிராட்டினி பாதியைப் பெற வேண்டும். சண்டைக்கு 400. 2,03,750க்கு ஐந்நூறு சண்டைக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு ஒரு சண்டை என்றாலும் எட்டரை மணி நேரம். பரிசுப் பணம் ஒரு காசு கிடையாது. நடுநடுவே மருத்துவ மையத்துக்கு ஓட வேண்டும். இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

"பாதியைப் பெறுவது" இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, டிராட்டினியை முதலில் நிறுத்திவிட்டு உடனே மாற்றுவது. களத்தில் இறங்கியவர்களுக்குள் புள்ளி பங்காகும். ஆனால் மாற்றும்போது உள்ளே வருவது ஓர் அடியை வாங்கிக்கொண்டுதான் வருகிறது. மற்றது எக்ஸ்பி ஷேர் என்ற பொருளைக் கையில் கொடுப்பது. அதை வைத்திருப்பது களத்தில் இறங்காமலே பாதியைப் பெற்றுக்கொள்ளும். ஃபயர்ரெட்டில் இதை வாங்க ஐம்பது வகைப் போக்கெமான்களைப் பிடித்திருக்க வேண்டும். ரூட் 15இல் பேராசிரியர் ஓக்கின் உதவியாளர் தருவார். என் கணக்கில் 43 வகைதான் இருந்தன. பையனின் முகம் சுருங்கியது. அந்த ஏழு வகையைத் தேடி நடக்க வேண்டிய நடைதான் பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது.

அடுத்த வழி, போக்கெமானை டே கேரில் விடுவது. பிள்ளைகள் இதைக் காப்பகம் என்கிறார்கள். எனக்கு அது எப்போதும் ரப்பர் தோட்டத்து ஆயாக்கொட்டகைதான். அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் என்னையும் அக்காளையும் விடியுமுன்னே ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மர நிரைக்குப் போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு போனால்தான் முடியும். ஈரத் துணித்தொட்டிலின் வாசனையும், ஆயா கலக்கித் தரும் மைலோவும், பதினொரு மணிக்கு அம்மாவின் பால் காண்டாவாளி திண்ணையில் உட்காரும் சத்தமும் இன்றும் நினைவில் நிற்கின்றன. அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. கொட்டகை இருந்த இடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

ஆட்டத்தின் ஆயாக்கொட்டகையில் விதி எளிது. நீங்கள் ஓர் அடி நடந்தால் உள்ளே இருப்பதற்கு ஒரு புள்ளி. சைக்கிளில் நொடிக்குப் பத்து அடி என்று வைத்தால் மணிக்கு 36,000 புள்ளி. திரும்ப எடுக்கும்போது அடிப்படைக் கட்டணம் 100, ஏறிய ஒவ்வொரு லெவலுக்கும் இன்னொரு 100.

எலைட் ஃபோரைப் பாருங்கள். நான்கு பேரிடமும் ஐந்தைந்து, சாம்பியனிடம் ஆறு, மொத்தம் 26 போக்கெமான்கள். எல்லாமே லெவல் 50க்கு மேல், எல்லாமே ஒன்றரை மடங்கு. நால்வரில் ஒருவரான லான்ஸின் லெவல் 60 டிராகனைட் ஒன்று மட்டும் ஏறக்குறைய 2,800 புள்ளி தருகிறது. சராசரியாக ஒன்றுக்கு 2,000 என்று எடுத்தால் ஒரு சுற்றுக்கு 52,000. எக்ஸ்பி ஷேர் வழியாக டிராட்டினிக்கு 26,000. எங்கள் கையில் ஒரு சுற்று முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கு 35,000க்குச் சற்றுக் குறைவு.

கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். நான் இதை எதிர்பார்க்கவில்லை. சாம்பியன் அரங்கில் வியர்த்துச் சண்டை போடுவதும், சைக்கிளை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருப்பதும் ஒரே வேகமா என்று பையனும் கேட்டான். வேகம் ஒன்றுதான். ஆனால் கையில் திரும்ப வருவது ஒன்றல்ல.

ஆயாக்கொட்டகையில் இருப்பது புதிய வித்தை கற்கும் லெவலை எட்டினால், உங்களைக் கேட்காமலே கற்றுக்கொள்ளும். நான்கு வித்தைக்கு மேல் இடமில்லை என்பதால், பட்டியலில் முதலில் இருக்கும் பழைய வித்தை போய்விடும். நான் முதன்முதலாக வளர்த்த டிராட்டினிக்கு, ஆட்டத்தில் இருக்கும் சூதாட்டக் கூடத்தில் நாள்கணக்கில் நாணயம் சேர்த்து வாங்கிய ஐஸ் பீம் வித்தையைக் கற்றுக்கொடுத்திருந்தேன். வித்தை கற்றுத்தரும் டிஸ்க் ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் காலம் அது. கற்றுக்கொடுத்த இடம் பட்டியலின் முதல் வரிசை. அப்படியே கொட்டகையில் விட்டு, 24இல் இருந்ததை 45இல் எடுத்தேன். திரையைத் திறந்து பார்த்தால் ஐஸ் பீம் இல்லை. அந்த மாலை நான் சோறு உண்ணவில்லை. மனம் வெறுத்து அந்த டிராட்டினியை ஒன்றுவிட்ட அண்ணனுக்குக் கேபிள் வழியாகக் கொடுத்துவிட்டேன். 45 லெவல் ஆகியும் அது டிராட்டினியாகவே இருந்தது. கொட்டகைக்குள் இருக்கும்வரை எதுவும் உருமாறுவதில்லை. வெளியே வந்து ஒரு லெவல் ஏறினால்தான் மாறும்.

அதற்காகக் கொட்டகையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எதுவரை விடலாம் என்று பார்க்க வேண்டும். லெவல் 15 டிராட்டினியிடம் ராப், லீர், தண்டர் வேவ், ட்விஸ்டர் என்ற நான்கு வித்தைகள் அந்த வரிசையில் இருக்கும். 22இல் டிராகன் ரேஜ் வந்து ராப்பைத் தள்ளும். ராப் போனால் இழப்பில்லை. 29இல் ஸ்லாம் வந்து லீரைத் தள்ளும். அதுவும் போகட்டும். 36இல் வருவதுதான் தண்டர் வேவைத் தின்னும். எதிரியை முடக்கும் அந்த வித்தை வேண்டும். ஆகவே 29வரை கொட்டகை, அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம்.

15இலிருந்து 29க்கு 26,268 அடி. ஐம்பது வகையை நிறைவு செய்ய இன்னும் ஏழைத் தேடிப் பிடிக்கப் போகிறோம், எப்படியும் நடக்கத்தான் போகிறோம். அந்த நடை டிராட்டினியையும் வளர்க்கட்டும் என்று முடிவெடுத்தோம். அம்மா நிரைக்குப் போக வேண்டியிருந்ததால்தான் எங்களைக் கொட்டகையில் விட்டார். கொட்டகையில் விடுவதற்காக யாரும் நிரைக்குப் போவதில்லை. காப்பகத்தை இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேறு வேலைக்கு நடக்கும்போது அது இலவச வருமானம். அதற்காகவே சைக்கிளை ஓட்டினால் ஒரு குழந்தையின் மாலைப்பொழுது வீணாகிறது.

எலைட் ஃபோருக்கு இன்னும் தயாராகாதவர்களுக்கு ஒரு நல்ல நடுவழி உண்டு. வெர்மிலியன் நகரத்து மருத்துவ மையத்தில் வெர்சஸ் சீக்கர் என்ற கருவி கிடைக்கும். நூறு அடி நடந்தால் அது மீண்டும் தயாராகிவிடும். அருகில் இருக்கும் பழைய பயிற்சியாளர்களை மறுபடி சண்டைக்கு அழைக்கலாம். ஒன்றரை மடங்கு விதி இங்கும் உண்டு, பரிசுப் பணமும் உண்டு. லெவல் இருபதிலிருந்து நாற்பதுவரை இதைவிட நல்ல இடம் ஃபயர்ரெட்டில் இல்லை.

ரேர் கேண்டி பற்றிப் பையன்தான் முதலில் கேட்டான். ஒன்று கொடுத்தால் ஒரு லெவல், அவ்வளவுதான். பெட்டியில் மூன்று இருந்தன. உடனே டிராட்டினிக்குக் கொடுக்கத் துடித்தான். லெவல் 15இல் ஒரு கேண்டி கொடுத்தால் மிச்சமாவது 902 புள்ளி. காட்டுப் போக்கெமான் மூன்றை அடித்தாலே கிடைத்துவிடும். 99இல் கொடுத்தால் மிச்சமாவது 37,127. அதே இனிப்புக்கு நாற்பது மடங்கு மதிப்பு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேண்டி கொடுத்ததும் அடுத்த லெவலின் தொடக்கப் புள்ளியில்தான் போய் நிற்கும். பாதி வழி வந்திருந்தால் அந்தப் பாதி வீண். எப்போது கொடுத்தாலும் லெவல் ஏறிய மறுநொடியே கொடுங்கள்.

லக்கி எக் என்ற முட்டை புள்ளியை ஒன்றரை மடங்காக்கும். ஃபயர்ரெட்டில் அது சஃபாரி சோனில் திரியும் சான்சி என்ற போக்கெமான் சிலவற்றின் கையில்தான் இருக்கும், சான்சியோ அரிதாகத்தான் வரும். ஒருமுறை உள்ளே போக 500, கையில் முப்பது பந்து. பையனின் 14 மணி நேரத்தில் நான்கை அங்கே தொலைக்கலாம். கிடைத்தாலும் எக்ஸ்பி ஷேரும் லக்கி எக்கும் கையில் பிடிக்கும் பொருள்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது. சின்ன டிராட்டினியால் தானே அடித்து வெல்ல முடியாதவரை முட்டையால் பயனில்லை. இதை விட்டுவிட்டோம்.

அடுத்தவரிடமிருந்து வாங்கியவற்றுக்கும் ஒன்றரை மடங்கு உண்டு. என் கேபிள் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பிடித்திருந்தால், அண்ணனிடம் ஒரு டிராட்டினியைக் கேட்டிருப்பேன். எட்டு பேட்ஜும் இருந்தால் பிறருடையதும் சொல் பேச்சைக் கேட்கும்.

புள்ளிகளைவிட நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. சண்டையில் வீழ்த்தும் ஒவ்வொன்றும் அனுபவத்தோடு உழைப்புப் புள்ளியும் தருகிறது. திரையில் அது தெரியாது. மாச்சாப்பை வீழ்த்தினால் தாக்கும் திறனுக்கு ஒன்று, ஜியோடூடை வீழ்த்தினால் தற்காப்புக்கு ஒன்று, ஜூபாட்டை வீழ்த்தினால் வேகத்துக்கு ஒன்று. மொத்தம் 510தான் ஏறும். நான்கு உழைப்புப் புள்ளி லெவல் 100இல் ஒரு திறன்புள்ளியாகும். 252 சேர்ந்தால் 63 கூடுதல். எக்ஸ்பி ஷேர் வைத்திருப்பதும் இதை முழுமையாகப் பெறும். கொட்டகையில் இது ஒன்றுகூட ஏறாது, கேண்டியிலும் ஏறாது. ஃபயர்ரெட்டில் லெவல் 100ஐத் தொட்டபின் சண்டையில் உழைப்புப் புள்ளி சேர்வதும் நின்றுவிடும். நடந்தும் தின்றும் நூறைத் தொட்ட டிராகனைட், அடித்து வளர்ந்த டிராகனைட்டின் முன்னால் நின்றால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

எலைட் ஃபோர் இதில் குறையுள்ள இடம்தான். அங்கே 26 எதிரிகளும் பல விதம். உழைப்புப் புள்ளி எல்லாத் திறனுக்கும் சிதறிப் போகும். தாக்கும் திறனில் ஏற்றவேண்டும் என்றால் முதல் சுற்றுக்கு முன்பே புரோட்டீன் என்ற மருந்தை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டப் பணத்தில் ஒன்று 9,800, ஒன்றுக்குப் பத்துப் புள்ளி ஏறும், நூறுக்கு மேல் புரோட்டீன் வேலை செய்யாது. சண்டையில் சேர்ந்தபின் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்புக் குறுகிவிடும். அமுலெட் காயின் என்ற பொருளை, சண்டையில் இறங்கும் எங்கள் வலுவான போக்கெமான் லாப்ரஸுக்குக் கொடுத்துப் பரிசுப் பணத்தை இரட்டித்தால் புரோட்டீன் செலவைச் சமாளிக்கலாம்.

இப்படியாக எங்கள் திட்டம் அமைந்தது. ஏழு வகை தேடும்போது கொட்டகை, 29ஆனதும் வெளியே எடுப்பது, எக்ஸ்பி ஷேரும் புரோட்டீனும், பிறகு எலைட் ஃபோர். 29இலிருந்து 55க்கு 1,77,482 புள்ளி. சுற்றுக்கு 26,000 என்றால் ஏழு சுற்று, ஐந்தே கால் மணி நேரம். தேடும் நேரத்தையும் சேர்த்தாலும் பதினான்குக்குள் முடியும்.

நின்டெண்டோ சுவிட்ச் கருவியில் போக்கெமான் ஸ்கார்லெட் விளையாடும் பிள்ளைகளுக்கு இதே பதில் பொருந்தாது. 2022இல் வந்த அந்த ஆட்டத்தில் எக்ஸ்பி ஷேர் ஒரு பொருளே அல்ல. குழுவில் உள்ள எல்லோருக்கும் எப்போதும் பங்கு உண்டு. காப்பகத்தில் புள்ளி சேரும் வழக்கம் 2016இல் சன், மூன் ஆட்டங்களிலேயே போய்விட்டது. பதிலாக, புள்ளி மட்டும் தரும் கேண்டிகள் ஐந்து அளவில் இருக்கின்றன. ஆகச் சிறியது 100, ஆகப் பெரியது 30,000. எங்கள் டிராட்டினிக்கு வேண்டிய 2,03,750ஐ ஏழு பெரிய கேண்டி தீர்த்துவிடும். லெவல் 1இலிருந்து 100க்கே 42 போதும். அவை டெரா ரெய்டு என்ற கூட்டுச் சண்டைகளில் கிடைக்கின்றன. சண்டையின் கடினத்தைக் காட்டும் நட்சத்திரம் ஏற ஏறப் பெரிய கேண்டி வரும். இணையம் இல்லாமலும் ஆட்டமே தரும் துணையாளர்களோடு ரெய்டில் இறங்கலாம். மழை பெய்தால் இணைப்பு விழுந்துவிடும் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு இது பெரிய வசதி. உழைப்புப் புள்ளியையும் இப்போது புரோட்டீன் வகைகளாலேயே 252வரை நிரப்பலாம். கேண்டியால் வளர்ந்தது குறைந்ததாகிவிடும் என்ற என் பழைய அச்சத்துக்கு அங்கே இடமில்லை. ஸ்கார்லெட்டில் ரெய்டும் கேண்டியும்தான் என் தேர்வு. புல்லில் துரத்துவதை வேறு எதையோ தேடும்போது மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அதில் நம் ஊருக்கென்றே ஒரு வசதி உண்டு. அயல்மொழியில் விளையாடுபவரிடமிருந்து வாங்கிய போக்கெமானுக்குச் சண்டையில் ஒன்றரை மடங்கு அல்ல, 1.7 மடங்கு. பையனின் வகுப்புத் தோழன் ஒருவன் சீன மொழியில் விளையாடுகிறான். இவன் ஆங்கிலத்தில். இருவரும் கைமாற்றிக்கொண்டால் இரண்டு பேருடையதும் விரைவாக வளரும்.

டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ் ஆட்டங்களை விரும்புபவர்கள் இவ்வளவு கணக்கும் போட வேண்டாம். அங்கே இரண்டைச் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்குவதுதான் ஆட்டத்தின் உயிர். பழைய ஆட்டங்களில் லெவல் பத்தை எட்டினாலே சேர்க்கலாம். பிறப்பது மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒவ்வொன்றையும் உச்சிவரை ஏற்றிவிட்டுச் சேர்ப்பவர்கள் பொழுதை இழக்கிறார்கள்.

இன்று ஒன்பதாம் நாள். ஐம்பது வகை நான்காம் நாளே நிறைந்தது; கடைசியாகச் சேர்ந்தது ஒரு டாட்ரியோ. டிராகனேர் இப்போது லெவல் 47. நேற்று இரவு லான்ஸை வென்ற கையோடு எஸ்பியின் விளக்குச் சிவப்பானது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாம்பியன்வரை போய்ச் சேமித்துவிட்டுத்தான் சார்ஜரைத் தேடினான். மூன்று கேண்டியும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. 52ஐத் தொட்ட நொடியில் மூன்றையும் கொடுத்துவிடலாமா, 99வரை வைத்திருக்கலாமா என்று காலையில் கேட்டான். பள்ளி திறப்பதற்குள் டிராகனைட்டைப் பார்ப்பதுதான் அவன் ஆசை. 52இலேயே கொடுக்கச் சொன்னேன்.